உயிருள்ள பாம்பு, ஆமை முதலியவற்றைப் பொதி செய்து அனுப்புதல்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் வட்டைகளில் பெரும்போக அறுவடை நடைபெறும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பாம்புகள் வெளிப்படுதல் வழக்கம். பயிர் அறுபட்டுச் செல்லச் செல்ல எலிகள் எஞ்சிய பயிருக்குள் ஒதுங்குகின்றன. எலிகளைத் தொடர்ந்து பாம்புகளும் அங்கே சேருகின்றன. கண்டவுடன் தடியெடுப்பதே பலரது பழக்கம். எனினும் பாம்பை உயிருடன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அவ்வேலை எவ்வாறு செய்யப்படுகிறது, அதிற் கமக்காரரின் பங்கு எதுவரையில் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

இலங்கையில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாயினர். 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வயலில் வேலை செய்வோருக்குப் பெருங்கேடு விளைப்பது கண்ணாடிப் புடையன். இதன் கடிக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் மருந்து இந்தியாவிலிருந்து வருவிக்கப்படுவது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே அம்மருந்து ஆக்கப்படுகிறது. ஆகவே மருந்தின் தொடக்கம் ஓர் உயிருள்ள பாம்பு. அதுவும் காயமின்றிப் பிடித்து, களைப்பின்றிக் கொண்டுவரப்பட்ட பாம்பு.

தமிழ்நாட்டில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகிறது. இருளர் பாம்பைத் துணிப்பையிலிட்டுக் கொண்டுவருவர். பின்னர் மணல் இட்ட மட்பானையில் அதனை வைத்து, வாயைப் பருத்தித் துணியாற் கட்டுவர். சில வாரங்களில் நான்கு முறை அளவில் நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர். இச்சமூகத்தவரான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் இந்திய அரசு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இலங்கைப் பாம்புகளின் நஞ்சு இந்தியப் பாம்புகளின் நஞ்சினின்றும் சிறிது வேறுபடுகிறது. அன்றியும், மூக்கு மேல்நோக்கிக் கூர்ந்திருக்கும் சிறிய குழிவிரியனின் நஞ்சுக்கு எதிராக அவ்விந்திய மருந்து ஆக்கப்படுவதில்லை. இவ்விரு காரணங்களாலும், ஆய்வின்பொருட்டு இந்நாட்டுப் பாம்புகளையும் உயிருடன் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.

பிடிப்பதும் பொதி செய்வதும் அனுமதியும் பயிற்சியும் பெற்றவரின் வேலை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், பெரும்பாலான ஊர்வனவற்றை அனுமதியின்றிப் பிடித்தலையும் வைத்திருத்தலையும் வெளிநாட்டிற்கு அனுப்புதலையும் தடுக்கின்றன. ஆகவே பாம்பையோ ஆமையையோ கண்டவர் வனசீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவித்தல் வேண்டும். உத்தியோகத்தர் வருமளவும் பாம்பு எங்கே செல்கிறதென்று தூரத்தில் நின்று கவனித்தாற் போதும். வயலில் உள்ள சாரையை அறிவிக்கவும் வேண்டியதில்லை. அது எலியைத் தின்று வாழ்வது, அங்கேயே இருக்கட்டும்.

கரையோர மணற்பாங்கான மரக்கறித் தோட்டங்களில் ஒரு தனி நிலைமை உண்டு. ஆடு, கோழி புகாதிருக்கப் பழைய மீன்பிடி வலைகளை வேலியாகக் கட்டுகின்றனர். சாரை, நாகம், உடும்பு ஆகியன இவ்வலையில் அகப்பட்டு, முன்னேற முயலுந்தோறும் நைலோன் இழை செதிலின் கீழ் இறுகுகிறது. இழுத்தெடுக்க முயல்வது இரட்டைத் தவறு: விலங்கின் தோல் உரியும், இழுப்பவர் கையும் கடிபடும். வெயிலேறிய மணலிற் கிடக்கும் பாம்பு விரைவில் இறந்துவிடும் என்பதால், முதலிற் செய்யத்தக்கது நிழலிடுதலே. ஒரு கிடுகையோ நனைந்த சாக்கையோ நீண்ட தடியின் நுனியிற் கோத்து, வலைக்கு மேலாக விரித்துவிட்டு அகலுதல் வேண்டும். உத்தியோகத்தர் வந்தபின், வலையின் அப்பகுதியைச் சுற்றிலும் வெட்டி, வலைத்துண்டோடு விலங்கையும் பொதி செய்து, வசதியான இடத்தில் இழைகளைக் கத்தரிப்பார். வலை வீணாகின்றதே என்று வருந்துவோர், வேலியின் அடியில் ஒரு முழ உயரத்திற்கு வலைக்குப் பதிலாகக் கிடுகோ தகடோ வைத்தால், இத்தொல்லை பெரும்பாலும் நேராது.

இனிப் பொதி செய்யும் முறை. பாம்புக்கு ஏற்றது பருத்தித் துணிப்பை. மருதமுனைக் கைத்தறியில் நெய்யப்படுவது போன்ற இறுக்கமான துணி நன்று. பையின் தையல் இரட்டையாக இருத்தல் வேண்டும். தொங்கும் நூலிற் பாம்பு சிக்காதிருக்கத் தையலின் ஓரம் வெளிப்புறம் அமைய வேண்டும். உபயோகிக்குமுன் பையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, துளை உண்டோவென மூலைகளை முக்கியமாகப் பார்ப்பர். இதில் அசட்டை கூடாது. கண்ணாடிப் புடையன் முட்டையிடாது குட்டி ஈனும் இனம். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் பிறத்தல் உண்டு. சினைப்பாம்பு பையினுள்ளேயே ஈன்றால், சிறு துளை வழியாகவும் குட்டி வெளியேறும். குட்டிக்கும் பிறக்கும்போதே நஞ்சு உண்டு.

உரப்பையை ஒருபோதும் உபயோகித்தலாகாது. கழுவினாலும் உப்பும் தூளும் நெய்தலின் இடுக்கில் நின்றுவிடும். கிருமிநாசினி வந்த பெட்டிகளும் அவ்வாறே. சணற்சாக்கின் நெய்தல் தளர்ந்தது. பாம்பின் பல் எளிதில் ஊடுருவும். உண்மையில் எந்தத் துணியினூடாகவும் பாம்பு தீண்டக்கூடும். இதனாலேயே பையின் வாயை முறுக்கி, மடித்து, கயிற்றாற் கட்டியபின், கட்டுக்கு மேலே மட்டும் பிடித்துத் தூக்குவர். உடம்போடு அணைத்துச் செல்லமாட்டார். ஒரு பையில் ஒரு பாம்பே. நாகம் பிற பாம்புகளையும் தின்னும்.

பை, உறுதியான பலகைப் பெட்டிக்குள் வைக்கப்பட வேண்டும். காற்றுத் துளைகளை விலங்கை வைக்குமுன்னரே, உள்ளிருந்து வெளியாகத் துளைத்தல் முறை. சிராய்கள் வெளிப்பக்கமாகவே நிற்கும். பக்கங்களில் மெல்லிய சட்டங்கள் அறைந்தால், அருகில் அடுக்கும் சாமான்கள் துளைகளை அடைக்கமாட்டா. இடைவெளிகளைக் கசக்கிய கடதாசியால் நிரப்பலாம். வைக்கோல் வேண்டாம், தூசியும் பூஞ்சணமும் தரும், அன்றியும் பல நாடுகளின் பயிர்த் தடுப்புக்காப்பு விதிகள் வைக்கோலிட்ட பொதியை ஏற்பதில்லை.

பயணத்தில் உணவு வேண்டுமே என்று இரக்கங்கொள்வோர் உளர். பாம்பு பல நாள் உண்ணாதிருக்க வல்லது. புதிதாய் இரை விழுங்கிய பாம்பை அசைத்தால் அதனைக் கக்கிவிடும், அதனால் நலிவும் அடையும். ஆகவே புறப்படுமுன் சில நாட்களுக்கு உணவு நிறுத்தப்படும். பட்டினியிலும் மிக்க அபாயம் வெப்பமே. ஊர்வனவற்றுக்குத் தம் உடல் வெப்பத்தைத் தாமே சீராக்கும் ஆற்றல் இல்லை. நம் நாட்டு இனங்கள் 25 பாகை செல்சியஸ் அளவில் நலமாகப் பயணஞ்செய்யும். வெயிலில் மூடி நிறுத்திய வானின் உள்ளே 40 பாகைக்கு மேலேறச் சொற்ப நேரம் போதும். எனவே அதிகாலையிலோ இரவிலோ புறப்படுதலும், வழியில் நிறுத்தாதிருத்தலும், லொறியின் இயந்திரப் பக்கத்தில் பெட்டியை வைக்காதிருத்தலும் அவசியம்.

ஆமைக்குப் பை தேவையில்லை. தனித்தனி அறையுள்ள பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு, நிமிர்ந்த நிலையில் வைத்தல் போதும். குளத்தாமையை நீரிலிட்டு அனுப்பலாகாது. நனைத்த துணி விரித்தால் ஈரம் தங்கும். கடத்தற்காரர் நட்சத்திர ஆமையின் தலை, கால்களை ஓட்டுக்குள் தள்ளி ஒட்டுநாடாவாற் சுற்றி, பயணப்பெட்டியில் துணிபோல அடுக்குகின்றனர்; இறந்தவை கழிந்தாலும் மிஞ்சியவை இலாபந்தரும் என்பது அவர்கள் கணக்கு. அருகிவரும் இனங்களின் சர்வதேச வியாபாரம் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1979இற் சேர்ந்தது. நட்சத்திர ஆமை 2019இல் அவ்வுடன்படிக்கையின் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. ஆகவே அதன் வெளிநாட்டு வியாபாரம் முற்றாகத் தடுக்கப்பட்டதற்குச் சமம்.

தபாலில் இவற்றை அனுப்ப இயலாது. உயிருள்ளவற்றுள் தேனீ, அட்டை, பட்டுப்புழு முதலிய சிலவற்றையும், பயிர்ப்பீடைகளை அழிக்கும் பூச்சிகளையுமே உலக அஞ்சற் சங்க விதிகள் விலக்காக அனுமதிக்கின்றன. விமானத்தில் அனுப்புவதாயின், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிர்விலங்கு விதிகளின்படி பொதி அமைதல் வேண்டும்; உயிர்ப் பிராணி என்ற சீட்டும், மேற்பக்கம் காட்டும் அம்புக்குறியும், நஞ்சுள்ளதாயின் அவ்வெச்சரிக்கையும் பெட்டியில் ஒட்டப்படும்.

பொதி செய்கையில் யாரேனும் கடிபட்டால் வேலையை அப்படியே நிறுத்தி, பாம்பைத் தேடிப் பிடியாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காது வைத்து, 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழைத்தல் வேண்டும். வெட்டுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு தரும்.

உத்தியோகத்தரிடம் விலங்கு ஒப்படைக்கப்படும்போது கமக்காரர் தரவேண்டியது ஒரு துண்டுச்சீட்டு: வட்டையின் பெயர், வாய்க்கால், திகதி, நேரம். பழகாத தொலைவிடத்தில் விடப்படும் பாம்பு வளையும் இரையும் தேடி அலைந்து, பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதில்லை. அச்சீட்டு இருந்தால் அகப்பட்ட இடத்திற்கு அண்மையிலே, ஆள் நடமாட்டமற்ற காட்டோரத்தில் அதனை விடமுடியும்.