ஆய்வக உயிரிப்பொருள் பெறுதல்

ஆய்வக உயிரிப்பொருள் பெறுதல் என்பது, ஆய்வுக்குத் தேவையான நுண்ணுயிர்கள், உயிரணு வழிகள், பாசிகள், தீநுண்மங்கள், டி.என்.ஏ கூறுகள் முதலியவற்றை அவற்றைப் பேணிவரும் சேகரிப்பகங்களிடமிருந்து முறைப்படி கோரி, பாதுகாப்பாக வரவழைத்து, சரிபார்த்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் செயன்முறை ஆகும். வேதிப்பொருட்களைப் போலன்றி இவற்றுட் பெரும்பாலானவை உயிருள்ளவை. ஆகவே இவை வழியில் இறக்கலாம், வேறோர் உயிரியுடன் கலந்துபோகலாம், தலைமுறை தோறும் மாறலாம். பெறப்பட்ட பொருள் பெயரளவில் மட்டும் சரியாக இருந்து உண்மையில் வேறொன்றாக இருப்பின், அதன்மீது செய்யப்படும் ஆய்வு முழுவதும் பயனற்றுப் போகும்.

வரலாறு

நுண்ணுயிர் வளர்ப்புகளைத் திரட்டி, பட்டியலிட்டு, கோருபவர்க்கு வழங்கும் முதற் சேகரிப்பகத்தைப் பிராகு நகரில் பிரான்டிசெக் கிரால் என்பவர் 1890 அளவில் ஏற்படுத்தினார். இலண்டனில் தேசிய வகை வளர்ப்புத் தொகுப்பு 1920இலும், அமெரிக்க வகை வளர்ப்புத் தொகுப்பு 1925இலும் தொடங்கப்பட்டன.

இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் தொழிற்துறை நுண்ணுயிர்களுக்கான தேசியத் தொகுப்பு 1951இல் உருவானது. சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் நுண்ணுயிர் வகை வளர்ப்புத் தொகுப்பு 1986இல் நிறுவப்பட்டது. காப்புரிமைக்காக நுண்ணுயிர்களை வைப்புச் செய்வது பற்றிய புடாபெசுட்டு ஒப்பந்தத்தில் (1977) இந்தியா 2001இல் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் சண்டிகர் தொகுப்பு அவ்வொப்பந்தத்தின்கீழ் பன்னாட்டு வைப்பக ஏற்பைப் பெற்றது. விலங்கு, மனித உயிரணு வழிகளைப் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் பேணி வழங்குகிறது.

தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நீலப்பச்சைப்பாசிகளுக்கான தேசிய மையம் 1991இல் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையின் உதவியுடன் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் கடற்கரைகளிற் சேகரிக்கப்பட்ட பாசிகள் இங்கு எண்ணிட்டுப் பேணப்படுகின்றன. இப்பாசிகளைக் குறிக்கும் ஆய்வுக்கட்டுரைகளில் பெயருக்குப் பின் 'பிடியு' என்ற எழுத்துகளும் எண்ணும் காணப்படும்.

திரிபின் முக்கியத்துவம்

ஒரே சிற்றினத்தினுள் தனித்த மரபு அடையாளம் கொண்ட வழித்தோன்றல் திரிபு எனப்படும். ஆய்வகங்கள் சிற்றினப் பெயரை மட்டுமன்றித் திரிபின் எண்ணையும் குறிப்பிட்டே பொருளைக் கோருகின்றன. இதன் தேவையைக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.சி.யின் வரலாறு விளக்குகிறது.

கால்மெட், கெரான் ஆகியோர் 1908 முதல் 1921 வரை 230 முறை மறுவளர்ப்புச் செய்து இத்திரிபை உருவாக்கினர். பின்னர் இது பல நாடுகளின் ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டது. ஒவ்வோர் ஆய்வகமும் அதனைத் தொடர்ந்து மறுவளர்ப்புச் செய்துவந்ததால், ஒரே மூலத்திலிருந்து வந்தவை காலப்போக்கில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட துணைத் திரிபுகளாயின. உறையவைத்து உலர்த்தும் முறையில் வித்துத் தொகுதிகளைச் சேமித்து, அவற்றிலிருந்தே உற்பத்தியைத் தொடங்கும் வழக்கம் வந்த பின்னரே இம்மாற்றம் கட்டுக்குள் வந்தது.

சென்னை கிண்டியில் 1948இல் நிறுவப்பட்ட பி.சி.சி தடுப்பூசி ஆய்வகம் டேனிசு 1331 என்ற துணைத் திரிபைப் பயன்படுத்தியது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் தடுப்பூசிக் கள ஆய்வில் டேனிசு, பாரிசு ஆகிய இரு துணைத் திரிபுகளும் ஒப்பிடப்பட்டன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இரண்டுமே தடுக்கவில்லை என்பது தெரியவந்தது. ஒரே ஒரு திரிபு மட்டும் பயன்படுத்தப்பட்டிருந்தால், குறை திரிபிலா தடுப்பூசியிலா என்ற ஐயம் எஞ்சியிருக்கும்.

கோருதல்

சேகரிப்பகத்தின் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், பிரித்தெடுக்கப்பட்ட இடம், ஏற்ற வளர்ப்பு ஊடகம், வெப்பநிலை, இடர்ப்பிரிவு ஆகியன தரப்பட்டிருக்கும். கோரும் ஆய்வகம் பொதுவாகப் பின்வருவனவற்றை அளிக்க வேண்டும்.

* திரிபின் பெயரும் பட்டியல் எண்ணும்
* பயன்பாட்டின் நோக்கம்
* நிறுவனத் தலைவர் அல்லது பொறுப்பாளரின் ஒப்பம்
* பொருள் மாற்று ஒப்பந்தம். பெற்றதை மூன்றாமவருக்கு வழங்குதல், வணிகத்திற்குப் பயன்படுத்துதல் போன்றவற்றுக்கான வரம்புகளை இது கூறும்
* நோய்க்கிருமியாயின், உரிய உயிரிப்பாதுகாப்பு வசதி உண்டு என்பதற்கான சான்று

நுண்ணுயிர்கள் அவற்றின் தீங்கைப் பொறுத்து நான்கு இடர்ப்பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் முதற் பிரிவிலும், காசநோய்க் கிருமி மூன்றாம் பிரிவிலும் அடங்கும். கோருபவர் யார் என்பதைச் சரிபார்ப்பது வெறும் சடங்கன்று. 1995இல் அமெரிக்காவில் ஒருவர் போலியான ஆய்வகத்தின் பெயரில் பிளேக்குக் கிருமியை அஞ்சல்வழி வரவழைத்தார். அதன்பின் 1996இல் அந்நாட்டில் இதற்கெனக் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது.

சட்டங்கள்

இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட உயிரிகள் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழான 1989ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. இவற்றைக் கையாளும் நிறுவனம் ஓர் உயிரிப்பாதுகாப்புக் குழுவை அமைத்திருத்தல் வேண்டும். உள்நாட்டு உயிரிவளங்களை வெளிநாட்டினர் பெறுவது உயிரியற் பல்வகைமைச் சட்டம், 2002 என்பதால் நெறிப்படுத்தப்படுகிறது. இதனைச் செயற்படுத்தும் தேசிய உயிரியற் பல்வகைமை ஆணையம் 2003 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. இச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டது.

பொதியும் போக்குவரத்தும்

பொருள் மூன்று வடிவங்களில் அனுப்பப்படுகிறது.

* உறையவைத்து உலர்த்தியது: மூடி உருக்கப்பட்ட கண்ணாடிக் குப்பியில் தூளாக வரும். குளிர்ப்பதனம் இன்றியே பல நாட்கள் தாங்கும்.
* உறைந்தது: உயிரணு வழிகள் உலர்பனிக்கட்டியில் (−78.5 பாகை செல்சியசு) அல்லது நீர்ம நைட்ரசன் (−196 பாகை) குளிரூட்டிய கொள்கலனில் வரும்.
* வளரும் நிலையிலுள்ளது: பாசிகளும் சில பூஞ்சைகளும் ஊடகத்துடன் சோதனைக் குழாயில் வரும்.

நோய்த்தொற்றுக்கு வாய்ப்புள்ள பொருட்கள் மூன்றடுக்குப் பொதியில் வைக்கப்படுகின்றன. கசியாத முதற்கலனை உறிஞ்சும் பஞ்சு சூழ்ந்திருக்கும். அதனைக் கசியாத இரண்டாம் கலன் மூடும். வெளியே உறுதியான பெட்டி இருக்கும். பெட்டியின் மேல் ஐக்கிய நாடுகள் எண் குறிக்கப்படும். மனிதரைத் தாக்கும் மிகு இடர்ப் பொருளுக்கு 2814, குறைந்த இடருள்ள பொருளுக்கு 3373, உலர்பனிக்கட்டிக்கு 1845 என்பன அவ்வெண்கள். உலர்பனிக்கட்டி நேரடியாக வளியாக மாறுவதால் அதனைக் காற்றுப்புகாப் பெட்டியில் அடைத்தல் ஆகாது. அழுத்தம் மிகுந்து பெட்டி வெடிக்கும்.

பெருநகரங்களுக்கு அப்பாலுள்ள ஆய்வகங்களுக்குப் போக்குவரத்தே முதன்மைச் சிக்கலாகும். எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. அண்மை வானூர்தி நிலையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. சண்டிகர் இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. உலர்ந்த குப்பி இத்தொலைவைக் கடந்து நலமாக வந்துசேரும். உலர்பனிக்கட்டியோ வழியில் நிரப்பப்படாவிடில் தீர்ந்துபோகும். கோடை வெயிலில் ஒரு நாள் தாமதமும் உயிரணுக்களைக் கொன்றுவிடும். எனவே இத்தகைய ஊர்களுக்கு வார இறுதியிலோ விடுமுறைக்கு முன்னரோ பொதி வந்துசேருமாறு அனுப்பாமலிருப்பதும், திருச்சிராப்பள்ளிக்கே ஆளனுப்பிப் பெறுவதும் பொருத்தமாகும். பாசித் திரிபுகளைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பாரதிதாசன் பல்கலைக்கழக வளாகம் திருச்சிராப்பள்ளி - புதுக்கோட்டைச் சாலையிலேயே அமைந்துள்ளதால், மாணவர்கள் சோதனைக் குழாயை நேரிற் பெற்று அன்றே ஊர் திரும்பலாம்.

பெற்றபின் செய்ய வேண்டியவை

1. பொதியின் நிலை, குப்பியின் எண், தொகுதி எண் ஆகியவற்றை ஆவணங்களுடன் ஒப்பிட்டு, வந்த நாளுடன் பதிவேட்டில் எழுதுதல்.
2. உலர்ந்த குப்பியை உயிரிப்பாதுகாப்பு அறையினுள் திறந்து, சிறிதளவு ஊடகம் சேர்த்து உயிர்ப்பித்தல். உறைந்த உயிரணுக்களை 37 பாகை நீரில் விரைவாக உருக்குதல்.
3. புதிதாக வந்ததை ஏனைய வளர்ப்புகளிலிருந்து ஒதுக்கி வைத்தல். உயிரணு வழியாயின் மைக்கோபிளாசுமாத் தொற்று உள்ளதா எனச் சோதித்தல்.
4. அடையாளத்தை உறுதிசெய்தல். பாக்டீரியாவுக்குக் கிராம் சாயமேற்றலும் மரபணு வரிசையும், மனித உயிரணு வழிக்கு டி.என்.ஏ குறுந்தொடர் மீள்வரிசைச் சோதனையும் பயன்படுகின்றன.
5. முதல் வளர்ப்பிலிருந்தே பல குப்பிகளை உறையவைத்துச் சேமித்தல். அன்றாட ஆய்வு இச்சேமிப்பிலிருந்து தொடங்கப்படும். மறுவளர்ப்பின் எண்ணிக்கை குறைவாக வைக்கப்படும்.

தவறான அடையாளத்தின் விளைவு

எரியெட்டா இலாக்சு என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து 1951இல், அவரது ஒப்புதலின்றி எடுக்கப்பட்டதே ஹீலா உயிரணு வழி. மிக விரைவாகப் பெருகும் இது உலகின் பல ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டது. ஏனைய வளர்ப்புகளிலும் தவறுதலாகக் கலந்து அவற்றை முற்றாக இடம்பெயர்த்தது. வெவ்வேறாகக் கருதப்பட்ட பல உயிரணு வழிகள் உண்மையில் ஹீலாவே என்பதற்கான சான்றை இசுட்டான்லி கார்ட்லர் 1966இல் வெளியிட்டார். கல்லீரல் உயிரணு என்று நம்பப்பட்ட 'சாங் கல்லீரல்' வழியும், குரல்வளைப் புற்று எனப்பட்ட 'ஹெப்-2' வழியும் இவ்வாறானவை. இவற்றைக் கல்லீரலாகவும் குரல்வளையாகவும் கருதிச் செய்யப்பட்ட ஆய்வுகளின் முடிவுகள் கருப்பைவாய்ப் புற்றணுக்களைப் பற்றியனவே. நண்பரின் ஆய்வகத்திலிருந்து கைமாற்றாகப் பெறுவதைவிடச் சேகரிப்பகத்திலிருந்து பெறுவதே நன்று என வலியுறுத்தப்படுவது இதனாலேயே ஆகும்.

இவற்றையும் பார்க்க

* உயிரணு வளர்ப்பு
* உயிரிப்பாதுகாப்பு
* நீலப்பச்சைப்பாசி
* பி.சி.சி தடுப்பூசி