கணக்கரைக் காக்கும் வேலி

தோட்டத்துக் கிராணியார் எழுதிய செக்ரோலும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவின் தொழிற்சாலைகளில் நிதி அதிகாரி காக்கும் காசோலைப் புத்தகமும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்பவை. பிறர் பொருளைக் காப்பவர் தம் இடரை வெளியிட நாணினால் விளைவது யாது? ‘மேட் மென்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் (2007–2015) இதற்கு விடை தருகிறது.

1960களின் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றே கதைக்களம். ஜேரட் ஹாரிஸ் நடித்த லேன் பிரைஸ், ஆங்கிலேய முதலாளிகள் அனுப்பிய நிதி அதிகாரி. பின்னர் அமெரிக்கருடன் சேர்ந்து புது நிறுவனத்தின் பங்காளியாகிறார். அது தள்ளாடுகையில் சொந்தப் பணத்தையும் இடுகிறார். இங்கிலாந்தின் வரிக்கடன் அவரை நெருக்குகிறது. வாய்விட்டுக் கேட்க மனம் வராமல், டான் டிரேப்பரின் கையெழுத்தைத் தாமே இட்டு 7,500 டாலருக்குக் காசோலை எழுதிக்கொள்கிறார். சில நாளில் திருப்பிவிடலாம் என்பதே எண்ணம். ஆனால் வங்கி பணங்கொடுத்த காசோலை, அந்நாளைய வழக்கப்படி, நிறுவனத்திற்கே திரும்பி வருகிறது, குட்டு வெளிப்படுகிறது. பதவி விலகப் பணிக்கப்பட்டவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்.

காசோலை எழுதுபவர் ஒருவர், ஒப்பமிடுபவர் இன்னொருவர், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பவர் மூன்றாமவர் என்பது கணக்கியல் முறை. இதனை அவநம்பிக்கை எனக் கருதுவோர் உளர். அன்று, சோதனை வேளையில் கணக்கரையே காக்கும் வேலி அது. அவ்வேலியுடன், முன்பணம் கேட்பது இழிவன்று என்னும் எண்ணமும் அலுவலகத்தில் வேரூன்ற வேண்டும். பிறர் கணக்கில் காசு தவறாதவருக்கும் தம் வீட்டுக் கணக்கில் துண்டு விழலாம் அன்றோ?