பழைய வண்டியின் டீசல் கோளாறும் சேசிஸ் நம்பரும்



நம் வட்டாரத்தில் கடை வைத்திருப்போர் பலரிடம் இன்று ஒரு பழைய ஸ்கார்ப்பியோவோ, பொலிரோவோ, டவேராவோ, ஈகோஸ்போர்ட்டோ இருக்கிறது. புது வண்டி வாங்கப் பணம் முடக்க மனம் வராமல், ஒருவர் இருவர் கைமாறி வந்த வண்டியை விலை பேசி வாங்குகிறோம். விடியற்காலையில் பின் சீட்டை மடக்கிவிட்டு கோயம்பேட்டுக்கோ செங்குன்றத்துக்கோ போய் நாலு மூட்டை சரக்கு ஏற்றி வருகிறோம். அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு கோயிலுக்கும் போகிறோம்.

இப்படிப்பட்ட வண்டிகளில் அதிகம் தொல்லை தருவது டீசல் போகும் பாதைதான். காலையில் ஸ்டார்ட் ஆகாது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவே திடீரென்று நின்றுவிடும். மேட்டில் இழுக்காது. உள்ளே டீசல் வாடை வீசும். மெக்கானிக் பில்டரை மாற்றுவார், பத்து நாள் ஓடும், மறுபடி அதே கதை. இதற்குக் காரணம் எப்போதும் வண்டியின் வயதுதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தேய்மானம் வேறு, தயாரிப்புக் குறை வேறு

மளிகைக் கடைக்காரருக்கு இதை விளங்க வைப்பது எளிது. ஒரு மாவுப் பாக்கெட் நம் கடையில் ஆறு மாதம் கிடந்து வண்டு பிடித்தால் அது நம் கணக்கு. ஆனால் மில்லிலேயே ஒரு நாள் அரைப்பில் கோளாறு ஏற்பட்டு, அந்தப் பேட்ச் முழுவதும் கெட்டிருந்தால் அது மில்காரர் கணக்கு. பேட்ச் நம்பரைச் சொல்லி அத்தனை பாக்கெட்டையும் அவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதற்கென்று 2017 முதல் தனி விதிமுறைகளே இருக்கின்றன.

வண்டிக்கும் இதே நியாயம்தான். அங்கே பேட்ச் நம்பருக்குப் பதில் சேசிஸ் நம்பர். குறிப்பிட்ட மாதங்களில் செய்த வண்டிகளில் ஒரு பாகம் குறையுள்ளது என்று தெரிந்தால், கம்பெனி அந்த வண்டிகளை அழைத்து, காசு வாங்காமல் பாகத்தை மாற்றித் தருகிறது. இதைத்தான் ரீகால் என்கிறார்கள்.

நடந்த சில உதாரணங்கள்

2014-ஆம் ஆண்டு மகிந்திரா கம்பெனி 23,519 ஸ்கார்ப்பியோ இ.எக்ஸ். வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2012 மே முதல் 2013 நவம்பர் வரை செய்யப்பட்டவை அவை. குறை, டீசலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் வால்வில்.

இந்த வால்வின் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. டேங்கிலிருந்து வரும் டீசல் பில்டரில் வடிந்து பம்புக்குப் போகிறது. பம்ப் அதை அழுத்தி, ரெயில் என்ற கனத்த குழாய்க்குள் தள்ளுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இன்ஜெக்டர் வழியாக டீசல் பனிபோலப் பீச்சப்படுகிறது. ரெயிலுக்குள் அழுத்தம் ஆயிரம் பார் அளவையும் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு, இரண்டரை பார்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரஷர் குக்கருக்கு வெயிட் எப்படியோ, ரெயிலுக்கு இந்த வால்வு அப்படி. மிகுதியான டீசலைத் திரும்ப டேங்குக்கு அனுப்பி அழுத்தத்தைச் சீராக வைக்கிறது. வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தம் நிற்காது. என்ஜின் எளிதில் பிடிக்காது, இழுவை குறையும், ஓடும்போதே அணைந்துபோகவும் கூடும். இப்படிப்பட்ட வண்டிக்குப் பத்து முறை பில்டர் மாற்றினாலும் பயனில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையில் செய்த டீசல் ஈகோஸ்போர்ட் வண்டிகளில், 2013 ஏப்ரல் முதல் 2014 ஜூன் வரையிலான சுமார் 48,000 வண்டிகளை 2016-இல் அக்கம்பெனி அழைத்தது. வண்டிக்கு அடியில் ஓடும் எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பைப் புதிதாகப் பொருத்துவதற்காக அந்த அழைப்பு. கிளிப் என்றால் அற்பப் பொருள்தான். ஆனால் அது சரியாகப் பிடிக்காவிட்டால் குழாய்கள் உரசும், மேல்பூச்சு போகும், மழைநீர் பட்டுத் துரு ஏறும். டீசல் குழாயும் பிரேக் குழாயும் சேர்ந்து பழுதானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்டு கம்பெனி 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் மறைமலை நகரிலும் அதை முடித்துக்கொண்டது. ஆனாலும் அந்த வண்டிகள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அதே 2014-இல் மாருதி கம்பெனி எர்டிகா, ஸ்விப்ட், டிசையர் வண்டிகளில் 1,03,311-ஐ அழைத்தது. டேங்குக்கு எரிபொருள் இறங்கும் கழுத்துக் குழாயை மாற்றுவதற்காக. பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் மேலும் மேலும் அடித்து நிரப்பினால் வாடை வரலாம், சில வண்டிகளில் கசியவும் செய்யலாம் என்பது காரணம்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் பழைய ஜீப் வண்டிகளில் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் தீப்பிடிக்கிறது என்று புகார்கள் சேர்ந்தன. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொன்னது. கம்பெனி முதலில் மறுத்து, பிறகு சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு ஒப்புக்கொண்டது. அவற்றில் 1993-இல் செய்த வண்டிகளும் அடக்கம். அதாவது இருபது ஆண்டு ஓடிய வண்டிக்கும் கேள்வி கேட்க முடிந்தது. உரிமையாளர்கள் தனித்தனியே முணுமுணுக்காமல், ஒரே இடத்தில் புகாரைப் பதிவு செய்ததால் வந்த பலன் அது.

கடிதம் யார் வீட்டுக்குப் போகிறது?

நம் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. ரீகால் அறிவித்தால், கம்பெனி தன் புத்தகத்தில் உள்ள வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும், போன் செய்யும். அந்தப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் புதிதாக வாங்கிய முதல் ஆளின் விலாசம்தான். அவர் விற்றிருப்பார். வாங்கியவர் புரோக்கருக்கு விற்றிருப்பார். புரோக்கர் நமக்கு விற்றிருப்பார். நமக்கு முன்னிருந்தவர் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் தெரிந்த ஷெட்டிலேயே வேலை பார்த்திருந்தால், அழைப்பு வந்ததே யாருக்கும் தெரியாது. குறையுள்ள வால்வு குறையோடேயே நம் கைக்கு வந்து சேரும்.

ஆனால் ரீகால் வேலை வண்டிக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஆகவே வண்டி எத்தனை கை மாறினாலும் கேட்டுப் பார்க்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், "இந்த நம்பருக்கு ரீகால் ஏதேனும் உண்டா, வேலை முடிந்ததா?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பல கம்பெனிகளின் இணையத்தளத்தில் நாமே நம்பரை அடித்துப் பார்க்கவும் வசதி உண்டு. வேலை பாக்கி இருந்தால், செய்து தரும்படி எழுத்து மூலம் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பழைய வண்டி வாங்குவோர், முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். மிளகாய் மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா?

சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

2012 ஜூலை வரை நம் நாட்டில் ரீகாலுக்கு ஒழுங்கான முறை ஏதும் இல்லை. அந்த மாதம் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்வதற்கு ஒரு நடைமுறையை வகுத்தது. மேலே சொன்ன இந்திய உதாரணங்கள் எல்லாம் அவ்வாறு தாமாகச் செய்தவையே. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உரிமையாளர்களின் புகார் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விசாரணை நடக்கும். அரசு உத்தரவிட்டு ரீகால் செய்ய நேர்ந்தால், வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கம்பெனிக்கு அபராதம் உண்டு. புகார் கொடுக்க அரசின் வாகன் இணையத்தளத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே. நம்மில் பலர் வாங்குவதோ எட்டு, பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி. அந்த வண்டிக்குப் புதிய குறை தெரிய வந்தால் அரசைக் கொண்டு கம்பெனியைக் கட்டாயப்படுத்த இவ்விதி உதவாது. முன்பே அறிவிக்கப்பட்ட ரீகாலில் பாக்கி இருந்தால் அதைக் கேட்டுப் பெறுவதுதான் நம் கையில் உள்ள வழி. ஏழு ஆண்டுக்குள் உள்ள வண்டியில் கோளாறு கண்டால், மெக்கானிக்கிடம் புலம்பிவிட்டு விடாமல் புகாரைப் பதிவு செய்வது அதனால்தான் அவசியம். இன்று நாம் பதியும் புகார், நாளை அதே வண்டியைப் பழையதாக வாங்கும் சிறு வியாபாரிக்கும் பாதுகாப்பு.

நுகர்வோர் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. வழக்குக்குக் காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். எனவே பில், சர்வீஸ் ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள்.

நாமே பார்க்கக் கூடியவை

எல்லாக் கோளாறும் கம்பெனி குறை அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் நீரில் மூழ்கி நின்றதை நாம் அறிவோம். வெள்ளத்தில் நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடித்திருந்தால் பில்டர் அடிக்கடி அடைக்கும். ஆகவே பில்டரை மாற்றும்போதெல்லாம் பழையதை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் நின்றாலோ செம்மண் போல் துரு வந்தாலோ டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

இரவு வண்டி நின்ற இடத்தில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் கசிவு எங்கே என்று தெரியும். ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். டேப் சுற்றி ஓட்டுவது, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டுவது எல்லாம் ஆபத்து. டீசல் பெட்ரோலைப் போல் சட்டென்று பற்றாது என்பது மெய்தான். ஆனால் கொதிக்கும் சைலன்சர் மீதோ டர்போ மீதோ தெளித்தால் அதுவும் பற்றும். என்ஜின் ஓடும்போது ரெயில் குழாய் அருகே கையை வைத்துக் கசிவைத் தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

பங்கில் பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். வண்டியில் சிறிய தீயணைப்பான் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

சரக்கும் கெடும்

மளிகை வியாபாரிக்கு வேறொரு நட்டமும் உண்டு. அரிசி, மைதா, ரவை, தேயிலை இவையெல்லாம் வாடையை இழுத்துக்கொள்ளும் சரக்குகள். டீசல் நாற்றம் அடிக்கும் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் கொண்டுவந்தால், மூட்டை மேல் ஒரு சொட்டு படாவிட்டாலும் வாடை ஏறிவிடும். வாங்கிப் போன அம்மா மறுநாள் உலையில் போட்டதும் தெரிந்துவிடும். திருப்பிக் கொண்டு வருவார். சிலர் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள், பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். இந்த நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டு இருந்துவிட்ட நாம் சொல்வது இதுதான். தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கிறோம். பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். நம்மையும் நம் பிள்ளைகளையும் சுமக்கும் வண்டியின் நம்பரை ஒரு தடவை சரிபார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் தத்தம் ஆர்.சி. புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். இணையத்தில் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். எல்லா நம்பரையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம்.