தகர வில்லையும் வடக்கு வீதியும்

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வரும் வழி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வாகனத்தில் ஏறியமர்ந்தால் ஒரு பகற்பொழுதிற்குள் முடிந்துவிடும். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் அதனைக் கால்நடையாகவே கடந்தனர். அவர்களின் நினைவாக 2023ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம், ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரால் அது நடந்தது என்பதை வாசகர்கள் அறிவர்.

முழு வழியையும் நடந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. முப்பதாண்டு காலம் கரும்பலகையின் முன் நின்று தேய்ந்த முழங்கால்கள் மன்னார் வெயிலுக்கும் கச்சான் காற்றுக்கும் ஈடுகொடா என்று அஞ்சி, தம்புள்ளையிலேதான் அக்கூட்டத்துடன் சேர்ந்துகொண்டேன்.

நடந்தோர் பலரும் காணி கேட்டனர், வீடு கேட்டனர், உழைப்புக்கேற்ற கூலி கேட்டனர், இந்நாட்டின் வரலாற்றிலே தமக்குரிய இடத்தைக் கேட்டனர். என் கோரிக்கையோ மிகச் சிறியது. ‘வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சாமான்களை எறிந்துவிடாதீர்கள். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் ஒரு நூதனசாலை இருக்கிறது. அங்கே கொடுங்கள்’ என்று வழியிற் கண்ட நம்மவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன். எவரும் என்னை அனுப்பவில்லை. நானே எனக்கு இட்டுக்கொண்ட வேலை அது.

தேயிலைக்கு ஒரு நூதனசாலை கண்டிக்கு மேலே ஹந்தானையில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் அமைந்தது அது. கொழுந்தை உருட்டிய இயந்திரங்களை அங்கே காணலாம். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையிலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெயிலரை நினைவூட்டும் பொருள்களையும் காணலாம். மாணவரை அழைத்துக்கொண்டு நான் இரு தடவை போயிருக்கிறேன். இரண்டாவது தடவை ஒரு பெண்பிள்ளை, “கொழுந்து எடுத்தவங்க சாமான் எங்க சேர்?” என்று கேட்டாள். அவளை ஓல்ட் பீக்கொக்கிற்கு அழைத்துப் போகும் வாய்ப்பு எனக்குப் பின்னர்தான் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு அமைந்த அந்நூதனசாலை ஒரு பழைய லயத்திலேயே இருக்கிறது. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். வீட்டுப் பாத்திரம், வேலைக் கருவி, பழைய கடதாசிகள் என்று மனிதர் கைபட்ட பொருள்கள். லயத்தையே நூதனசாலையாக்கியவர் எவராயினும் நன்கு சிந்தித்தவரே. சுவரும் அங்கே ஒரு காட்சிப் பொருள் அன்றோ!

அந்த ஊருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலே, ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கியது கம்பளைக்கு அருகிலுள்ள சின்னப்பிட்டியிலேதான். 1823ஆம் ஆண்டை நம்மவர் வருகையின் தொடக்கமாகக் கொண்டே இருநூற்றாண்டு நினைவு கொண்டாடப்பட்டது.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்குங் காலத்திற்கு ஆள் வேண்டும். பறித்து முடிந்தால் வேண்டாம். ஆகவே கங்காணியின் பின்னே வந்தவர்களிற் பலர், பருவம் முடிந்ததும் அதே வீதியால் திரும்பினர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. 1869இல் கோப்பியிலைகளிற் காணப்பட்ட நோய் பத்துப் பதினைந்தாண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். குறிப்பாகப் பெண்களின் கை வேண்டும். குடும்பங்கள் மலையிலே தங்கியது இதனாலேயே.

இங்கே நூதனசாலைக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. தங்கியவர் பொருள் சேர்த்தனர். நடந்தவர் எதைச் சேர்த்தனர்? தலையிலே ஒரு மூட்டை, கையிலே ஒரு சட்டி. வழியில் இறந்தவரின் மூட்டையை எடுத்தவர் யார்? தம்புள்ளையிலிருந்து நாலந்தை வரையில் வீதியின் இருபுறமும் பார்த்துக்கொண்டே நடந்தேன். தேக்கும் கடைகளும் பெற்றோல் நிலையங்களும் தெரிந்தன. அவர்களுக்கென்று ஒரு கல்லும் என் கண்ணிற் படவில்லை. நாவுலைக்கு இப்பால் ஒரு சிங்களக் கடைக்காரர் எங்கள் அனைவருக்கும் பெலிமல் பானம் தந்து, காசு வாங்க மறுத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். “அவ்வளவு தூரமா நடந்தார்கள்?” என்று தம் மகனைப் பார்த்து வியந்தார். அந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

மாத்தளை நெருங்க, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம்மவர் வந்து வரவேற்றனர். தப்பு முழங்கியது. எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு மூதாட்டி, சேலைத் தலைப்பிற் சுற்றிய கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். கணவருடையதாம். சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாய்த் தேய்ந்திருந்தது. நான் வழக்கமான என் பேச்சைத் தொடங்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சேர் என்னா குடுத்தீங்க?” என்றார்.

“இனிமேத்தான் பாட்டி” என்றேன்.

“அப்ப நீங்க குடுத்தாப் பொறகு நானும் குடுக்கிறேன்” என்று கத்தியை மீண்டும் சுற்றிக்கொண்டார். அருகில் நின்றவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் கொடுப்பதற்கு ஒரு பொருள் இருந்தது. என் பூட்டி கழுத்திற் கட்டிக்கொண்டு வந்த தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட முறை அது. இந்தியாவில் ஆள் சேர்த்தவுடனேயே தோட்டத்தின் இலக்கம் பொறித்த வில்லையைக் கொடுத்துவிடுவர். வழிச்செலவு முழுதும் அந்த இலக்கத்தின் பெயரில் எழுதப்படும்; ஆளும் அந்த இலக்கத்தின் பெயரிலேயே வந்து சேர்வார். பூட்டி நடந்தவளல்லள். தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும் கப்பற் சேவையும் ஏற்பட்ட 1914ஆம் ஆண்டிற்குப் பின் மண்டபம் முகாம் வழியாக வந்தவள்.

அந்த வில்லையை என் அப்பாயி அரிசித் தகரத்தின் அடியில் ஒளித்துவைத்திருந்தார். ஏன் என்று சிறுவயதிற் கேட்டேன். “வெளியில காட்டாத, அக்கரைக்கு எழுதிப்புடுவாங்க” என்றார். அந்த அச்சத்தின் காரணம் வளர்ந்த பின்னரே விளங்கியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்த நாட்டவன் என்று சொல்ல விரும்பியவன் தன் தந்தை இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். பிறப்புக்குக் கடதாசி இல்லாத வீட்டில், வருகைக்கு மாத்திரம் ஒரு தகரச் சான்று இருந்தது! 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கு 1974இலேதான் தீர்ந்தது. அப்பிரிவினையிலே என் மாமன் குடும்பம் போயிற்று; நாங்கள் இருந்தோம். அப்பாயி இறக்கும்வரை தகரம் அரிசிக்கு அடியிலேயே கிடந்தது.

கொடாமல் வைத்திருந்ததற்குப் பற்று ஒரு காரணம். அந்தப் பழைய அச்சமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2003ஆம் ஆண்டிற் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. எஞ்சியிருந்தோர்க்கும் உரிமை கிடைத்தது. ஆயினும் அப்பாயியின் குரல் சட்டங்களை வாசிப்பதில்லை.

மாத்தளையிலிருந்து திரும்பியதும் வில்லையை எடுத்துத் துடைத்தேன். அதனுடன் வைப்பதற்குச் சிறு குறிப்பொன்று எழுத உட்கார்ந்தேன். ‘பொருள்: தகர வில்லை. காலம்: 1914க்குப் பின். உடையவர்:’ என்று எழுதிய இடத்திற் பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவளைப் ‘பெரியாத்தா’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். பெற்றோர் இட்ட பெயர் என்ன? வில்லையிலே தோட்டத்தின் இலக்கம் இருக்கிறது. அவள் பெயர் இல்லை. தோட்டத்துக்குப் போய்ப் பழைய செக்ரோல் கேட்டேன். அவை எப்போதோ பழங்கடதாசிக்குப் போய்விட்டனவாம்.

மாமன் மகள் கோத்தகிரியில் இருக்கிறாள். அவர்கள் போகும்போது எழுதிய விண்ணப்பத்தில் மூதாதையர் பெயர்கள் இருந்ததாக அப்பா சொன்ன நினைவு. அவளுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். மாத்தளைப் பாட்டியின் தோட்டத்துக்கும் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினேன், கொஞ்சம் பொறுக்கும்படி.