குடும்பமாய்ப் பார்க்கத்தக்க ஒரு படம்

திரைப்படம் என்றாலே நாம் விலகி நிற்பதற்குக் காரணமுண்டு. ஆயினும் 1975இல் வெளிவந்த ‘தி ஹைடிங் பிளேஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தை வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை நடத்திய டென் பூம் விசுவாசக் குடும்பத்தின் உண்மை வரலாறு இது. நாசிகள் வேட்டையாடிய யூதரை அவர்கள் தங்கள் வீட்டில் மறைத்துக் காத்தார்கள். 1944 பிப்ரவரி 28இல் கைதானார்கள். 84 வயதுத் தகப்பன் காஸ்பர் பத்து நாட்களில் சிறைக்காவலிலேயே மரித்தார். மகள் பெட்சி ராவன்ஸ்புரூக் முகாமில் மரித்தார். பொய்ச்சுவருக்குப் பின் ஒளிந்திருந்த ஆறு பேரோ அகப்படவில்லை. உயிரோடு திரும்பிய கோரி, பகைஞரை மன்னிக்கும்படி தேசந்தோறும் பிரசங்கித்தார்.

படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: ஆபத்திலிருக்கும் அந்நியர் தட்டினால் நம் கதவு திறக்குமா? அந்நியராய் இந்நகரில் வந்திறங்கிய நமக்கும் ஒருவர் கதவு திறந்தாரல்லவா?