நெம்பவும் ரொம்பவும்

பெருந்துறைப் பக்கம் பெரியவர்கள், "பாத்து நெம்ப நாளாச்சுங்க" என்பார்கள். அதே வீட்டுப் பேரன் "ரொம்ப நாளாச்சு" என்கிறான். அவன் அதைக் கட்டுரையில் எழுதினால், ஆசிரியர் அடித்துவிட்டு 'மிகவும்' என்று திருத்துகிறார். நெம்ப பட்டிக்காட்டுப் பேச்சு, ரொம்ப கொச்சை, மிகவும்தான் தமிழ் என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பது இலக்கணம். அதனால் ரொம்ப எங்கிருந்தோ வந்த சொல் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் 'ரெண்டு' என்கிறபோது நாம் அயல்மொழி பேசுவதில்லை. இரண்டின் முதலெழுத்தை நாக்கு விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இங்கேயும் அதுதான் நடந்தது. மூலச்சொல் 'நிரம்ப'. முன்னாலிருக்கும் 'நி' உதிர்ந்து, அடுத்து வரும் மகரத்துக்காக உதடு குவிந்தபோது ரொம்ப ஆயிற்று. கொங்கு நாக்கு நகரத்தைக் காப்பாற்றி ரகரத்தை விட்டது, நெம்ப ஆயிற்று.

வள்ளத்தில் ராகி அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்மட்டம் வந்து நின்றால் நிரம்பியது. மேலே குவிந்து வழிந்தால் மிகுந்தது. ரொம்ப முதலாவதிலிருந்து வந்தது, மிகவும் இரண்டாவதிலிருந்து. இதில் உயர்வு தாழ்வுக்கு என்ன இருக்கிறது? ஆங்கிலத்தின் 'வெரி' வேறு வழியில் வந்தது; 'உண்மையான' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அதன் மூலம்.

இந்த ஒரு சொல் செய்கிற வேலையும் அதிகம். ரொம்பப் பேர், ரொம்ப நல்லவர், ரொம்பப் பேசுகிறான்: முதலில் எண்ணிக்கை, அடுத்து தரம், கடைசியில் அளவு மீறல். ஆங்கிலத்தில் மெனி, வெரி, டூ மச் என்று தனித்தனியே வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'வெரி'யையும் 'டூ'வையும் மாற்றிப் போடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தோடு கொங்கு மக்கள் சேர்த்துப் பேசும் பவணந்தி முனிவர், மிகுதியைக் காட்ட ஆறு உரிச்சொற்களை நன்னூலில் தருகிறார்: நனி, தவ, கழி, கூர், உறு, சால. உறு இன்னும் 'உறுதுணை'யில் இருக்கிறது. சால தமிழர் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் கோவையின் தெலுங்கு வீடுகளில் அதே வேரில் முளைத்த 'சாலா' இன்றும் அன்றாடம் கேட்கிறது.

கட்டுரையில் ரொம்ப எழுதக் கை கூசினால் 'நிரம்ப' என்றே எழுதச் சொல்லுங்கள் பேரனை. "நிரம்ப நல்லவர்" என்பதை எந்த ஆசிரியரும் அடிக்கமாட்டார்.