படை அலுவலர் ஜேம்ஸ் ஸ்கின்னரின் குடிவழி: சான்றுகளும் அவற்றின் வரம்புகளும்

முன்னுரை

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் பிறந்த படை அலுவலர் ஒருவரின் குடிவழியை ஆராய்வோர் முதலில் நாடுவது, இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்பெறும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையே. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பற்றிய திருச்சபைப் பதிவேடுகளின் படிகள் அங்கே வங்காளத்துக்கு என்/1, சென்னைக்கு என்/2, பம்பாய்க்கு என்/3 என்னும் வரிசைகளில் அமைந்துள்ளன. கேடட்டுகளாகச் சேர்ந்தோரின் தாள்கள் எல்/மில்/9 வரிசையில் உள்ளன. 1758 முதல் 1834 வரை வங்காளப் படையில் பணியாற்றிய அலுவலர்களைப் பற்றி ஹாட்சன் தொகுத்தளித்த நான்கு தொகுதிகளும் துணைநிற்கின்றன. பெற்றோர் இருவரும் ஐரோப்பியராயின் இவற்றைக் கொண்டே இரண்டு மூன்று தலைமுறைகளைப் பெரும்பாலும் நிறுவிவிடலாம். தாய் இந்தியராயின் இவ்வழி பாதியில் நின்றுவிடுகிறது. அவ்வாறு நிற்குமிடத்தில் எவற்றைச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை ஜேம்ஸ் ஸ்கின்னர் (1778-1841) என்னும் குதிரைப்படைத் தலைவரின் குடிவழியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஸ்கின்னர் அறியப்படாதவர் அல்லர். 1803-இல் அவர் தலைமையில் உருவான குதிரைப்படை, ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் என்னும் பெயரை இழக்காமல் இன்றும் இந்தியத் தரைப்படையில் உள்ளது. தில்லி காஷ்மீர் வாயிலருகே அவர் கட்டுவித்த புனித யாக்கோபு தேவாலயம் 1836-இல் அருட்பொழிவு பெற்றது. இத்துணைப் புகழ் பெற்ற ஒருவருக்கே தாய்வழி ஒரு தலைமுறைக்கு மேல் செல்லவில்லை என்பதுதான் இங்குக் கருதத்தக்கது.

தன்வரலாறு தரும் செய்திகள்

ஸ்கின்னரின் இளமையைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளிலிருந்து கிடைப்பது. அவற்றை ஜேம்ஸ் பெய்லி ஃப்ரேசர் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்து 1851-இல் வெளியிட்டார். ஃப்ரேசரின் உடன்பிறந்தாரான வில்லியம், ஸ்கின்னரின் நெருங்கிய நண்பர். ஆகவே இந்நூல் நூலாசிரியர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் நட்புக்குடும்பத்தார் கையால் வெளிவந்தது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்தியர். தாய் போஜ்பூர்ப் பகுதி ஜமீன்தார் ஒருவரின் மகள், இராஜபுத்திரர் குலத்தவர், பதினான்கு வயதில் போரில் சிறைபிடிக்கப்பட்டு, அப்போது என்சைன் நிலையிலிருந்த ஹெர்குலிஸின் பொறுப்பில் வந்தவர். அவர்களுக்கு மூன்று ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறந்தனர். 1790-இல், பெண்மக்களைக் கோஷாவிலிருந்து வெளியே கொணர்ந்து பள்ளிக்கு அனுப்பத் தந்தை முற்பட்டபோது, அது குலமானத்துக்கு இழுக்கு எனக் கருதித் தாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இவ்வளவும் நூலில் சில வரிகளே. அவற்றில் தாயின் பெயர் இல்லை.

பிற்கால எழுத்தாளர் சிலர் இப்பெண்ணை இராஜபுத்திர இளவரசி என எழுதுகின்றனர். மூலத்தில் உள்ளது ஜமீன்தாரின் மகள் என்பது மட்டுமே. குடிவழி ஆராய்ச்சியில் முன்னோரின் தகுதி தலைமுறைதோறும் உயர்ந்துகொண்டே செல்வது உலகெங்கும் காணப்படும் இயல்பு. நம் நாட்டுப் பாளையக்காரர் வமிசாவளிகளைப் படித்தோருக்கு இதனைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிற்கால அட்டவணை எதிலேனும் அவருக்கு ஒரு பெயர் தரப்பட்டிருப்பின், அது எம்மூலத்திலிருந்து பெறப்பட்டது என்பதே முதல் வினாவாக வேண்டும்.

போரும் ஆண்டும்

தாய் சிறைப்பட்ட நிகழ்ச்சியைக் காசி அரசர் சேத் சிங்குடன் நடந்த போரோடு இணைத்துச் சொல்வது வழக்கம். இவ்விணைப்பு காலக்கணக்கோடு பொருந்தவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸின் பணவேட்கையால் மூண்ட சேத் சிங்கின் கிளர்ச்சி 1781-இல் நிகழ்ந்தது. ஜேம்ஸ் பிறந்ததோ 1778. அவருக்கு டேவிட் என்னும் அண்ணனும் இருந்தார். எனவே அப்பெண் ஹெர்குலிஸிடம் வந்தது 1770களின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டதாக இருத்தல் இயலாது. கம்பெனி 1765-இல் திவானி உரிமை பெற்ற பின், வரி கட்டாத நிலக்கிழார்கள்மீது படைப்பிரிவுகள் ஏவப்பட்டன. அத்தகைய சிறு படையெடுப்பு ஒன்றில் அவர் சிறைப்பட்டிருக்கலாம் என ஊகிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பெயரற்ற சிறு பூசல் காலப்போக்கில் பெயர்பெற்ற பெரும்போராக நினைவில் மாறியிருத்தல் கூடும்.

இம்முரண் சிறிதாகத் தோன்றினும் தேடலின் திசையையே மாற்றுகிறது. 1781-ஆம் ஆண்டுக் காசிப் போர் ஆவணங்களைப் புரட்டுவதால் பயனில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஹெர்குலிஸின் படைப்பிரிவு எங்கே நிலைகொண்டிருந்தது என்பதை வங்காளப் படைப் பணிப்பதிவுகள் அடங்கிய எல்/மில்/10 வரிசையிலிருந்து அறிந்து, அப்பகுதி ஜமீன்களின் வருவாய் ஆவணங்களுக்குச் செல்லுதல் வேண்டும். தாயின் வழியைத் தந்தையின் பாசறை வழியே தேடவேண்டியுள்ளது.

தடையாணைகளும் பதிவின்மையும்

ஸ்கின்னரின் பெயர் கேடட் தாள்களில் இடம்பெற வழியில்லை. காரணம் வெளிப்படை. இந்தியத் தாய்க்குப் பிறந்தோரைக் கம்பெனியின் குடிமை, படை, கடற்பணிகளில் அமர்த்தலாகாது என 1791-இல் ஆணை பிறந்தது. தந்தை, தாய் இரு வழியிலும் ஐரோப்பியர் அல்லாதார் படையில் குழலூதுவோராகவும் முரசடிப்போராகவும் இலாடம் கட்டுவோராகவும் மட்டுமே சேரலாம் என 1795-இல் மேலும் ஒரு தடை வந்தது. முதல் ஆணையின்போது ஸ்கின்னருக்கு வயது பதின்மூன்று, இரண்டாவதன்போது பதினேழு. பணியில் சேரும் பருவத்தில் கதவு அடைபட்டது.

அவர் அச்சகம் ஒன்றில் ஏழாண்டுத் தொழில்பயிற்சிக்கு ஒப்படைக்கப்பட்டு, சில நாட்களிலேயே தப்பியோடி, கல்கத்தாக் கடைத்தெருவில் சுமை தூக்கிப் பிழைத்தார். பின்னர் ஞானத்தந்தையான கர்னல் பர்ன் தந்த அறிமுகக் கடிதத்துடன் சிந்தியாவின் படையை நடத்திய சவாய் நாட்டுத் தளபதி டிபாய்னிடம் சென்று என்சைன் பதவி பெற்றார். ஆங்கிலேயருக்கும் மராட்டியருக்கும் 1803-இல் போர் மூண்டபோது சிந்தியாவின் படையிலிருந்து விலக்கப்பட்டு லேக் பிரபுவிடம் வந்தார். ஆகவே ஏறத்தாழ எட்டாண்டுக்காலம் கம்பெனி ஆவணங்கள் அவரை அறியா. இந்த வெற்றிடத்தை ஆவண இழப்பு என்று கொள்வது பிழை. சட்டம் உண்டாக்கிய வெற்றிடம் அது. அவருடைய பிறப்பைப் பற்றி அதுவே ஒரு சான்று.

உடன்பிறந்தோர் அறுவரையும் ஒருங்கே நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பெண்மக்கள் மூவரும் கம்பெனிப் பணியிலிருந்த ஆங்கிலேயரை மணந்தனர் என ஸ்கின்னர் எழுதுகிறார். டேவிட் கடலுக்குச் சென்றார். ஜேம்ஸும் தம்பி இராபர்ட்டும் மராட்டியப் படைக்குச் சென்றனர். ஒரே தாயின் மக்களில் பெண்கள் கணவர் பெயரால் என்/1 திருமணப் பதிவேட்டுக்குள் நுழைய, ஆண்கள் வெளியே நிற்கின்றனர். தடையாணை மகன்களையே குறிவைத்தது. மகள்களைத் திருமணம் உள்வாங்கிக்கொண்டது. இத்தகைய குடும்பங்களின் குடிவழியைத் தேடுவோர் மகன்களை விட்டு மகள்களிடமிருந்து தொடங்குவது நலம்.

பதிவேட்டில் தாய்

இந்தியப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவில் தந்தையின் பெயரும் பதவியும் இருக்கும். தாயின் இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். துர்பா கோஷ் 2006-இல் வெளியிட்ட நூல், இப்பெண்கள் காலனிய ஆவணங்களில் பெயரின்றியோ அரைகுறைப் பெயருடனோ தோன்றும் தன்மையை விரிவாக ஆராய்கிறது. எழுதுவோரின் சோம்பல் என இதனை ஒதுக்கிவிட முடியாது. ஒருவரின் உறவினர், ஊர், சாதி அனைத்தையும் பெயரே சுட்டிவிடும் சமூகத்தில், பெயரை நீக்குவது உரிமைக் கோரிக்கையையும் நீக்குவதாகும்.

விதிவிலக்கு உயில்கள். பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்க்கும் ஏதேனும் விட்டுச்செல்ல விரும்பியவர், பணம் உரியவரைச் சேரவேண்டுமாயின் அவரை அடையாளப்படுத்தியே ஆகவேண்டும். அதனால் பதிவேடு மறைத்த பெயரை உயில் சிலவேளை வெளியிடுகிறது. சென்னை மாகாணத்துக்கும் இது பொருந்தும். 1680-இல் திறக்கப்பட்ட கோட்டை புனித மேரி தேவாலயத்தின் பதிவேடுகளும், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக எழும்பூரில் 1789-இல் தொடங்கிய விடுதிப்பள்ளியும் இவ்வகைக் குடும்பங்களின் சுவடுகளைக் கொண்டவை. ஆண்ட்ரு பெல் அங்குக் கண்ட சட்டாம்பிள்ளை முறையைப் பற்றி எழுதிய அளவிற்கு, அப்பிள்ளைகளின் தாய்மார் யார் என்பது பற்றித் தமிழ் ஆய்வுலகம் இன்னும் எழுதவில்லை.

பாரசீகச் சான்றுகள்

ஆங்கில ஆவணங்களோடு நின்றுவிட்டால் ஸ்கின்னரின் பாதியே கிடைக்கும். மக்கள் அவரைச் சிக்கந்தர் சாகிப் என்றனர். நாசிர் உத்தௌலா, காலிப் ஜங் என்னும் முகலாய விருதுப்பெயர்களும் அவருக்குண்டு. அவர் பாரசீக மொழியில் இரு நூல்களை உருவாக்கினார். 1825-இல் நிறைவுற்ற தஷ்ரீஹ் அல் அக்வாம், வட இந்தியச் சாதிகளின் தோற்றத்தையும் தொழில்களையும் ஓவியங்களுடன் விளக்குவது. 1830-ஆம் ஆண்டின் தஸ்கிரத் அல் உமரா, சிற்றரசர் குடும்பங்களின் வரலாற்றைக் கூறுவது. இராஜபுத்திரக் குடிகளும் அதில் அடங்கும்.

பிறர் குலங்களின் வரலாற்றை இவ்வளவு முயன்று தொகுத்தவர், தம் நினைவுக்குறிப்பில் தாயின் குடும்பத்துக்குக் குலப்பெயரும் பகுதிப்பெயரும் மட்டுமே தந்தது வியப்புக்குரியது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவருக்கு அதற்குமேல் தெரியாதிருக்கலாம். ஆங்கில வாசகருக்கு எழுதும்போது போதும் எனக் கருதியிருக்கலாம். ஆயினும் தாய் இறந்ததைச் சொல்லுமிடத்தில் இராஜபுத்திர மானம் என்னும் கருத்தையே அவர் காரணமாக்குகிறார். தந்தையின் முடிவைக் குறைகூறவில்லை. அம்மரணத்தில் மகன் கண்டது குலப்பெருமை. பெற்ற பிள்ளைகள்மீது உரிமையற்ற ஒரு பெண்ணின் இறுதி மறுப்பாக அதனைப் படிக்கவும் இடமுண்டு.

ஸ்கின்னர் 1841 டிசம்பரில் ஹான்சியில் இறந்தார். அடுத்த மாதம் அவருடல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு அவருடைய தேவாலயத்தின் பலிபீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டது. வளாகத்தின் ஒரு பகுதியில் அவர் வழிவந்தோரின் கல்லறைகள் உள்ளன. அவற்றின் கல்வெட்டுகளைக் கொண்டு அவருக்குப் பிந்திய தலைமுறைகளை வரிசைப்படுத்தலாம். அவருக்கு முந்திய தாய்வழிக்கு அத்தகைய கல் எதுவும் இல்லை. திருமுழுக்குப் பெறாத ஒரு பெண்ணின் 1790-ஆம் ஆண்டு மரணத்தைத் திருச்சபையின் அடக்கப் பதிவேட்டில் தேடுவதும் வீண். போஜ்பூர் ஜமீன்களின் வருவாய்க் கணக்குகளிலேயே அத்தேடல் தொடங்க வேண்டும்.